மீட்டருக்கு ஒரு விரல்

தம்பிக்கு வயது நாற்பத்தாறு. தலை பாதி நரைத்து, மகன் கல்லூரிக்குப் போய், முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொள்கிற காலம் வந்த பிறகும் அவன் தம்பிதான். கூடவே வேலை பார்க்கும் அக்கா அப்படிக் கூப்பிடுகிறாள். அதைக் கேட்டுக் கேட்டுச் சிமெண்ட் கடைக்காரர், லாரிக்காரர், வீட்டுச் சொந்தக்காரர்கள் என்று அத்தனை பேரும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார்கள். அவனுக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது. கவலைப்பட அவனிடம் வேறு ஆயிரம் விஷயம் இருந்தது. மேகம் கறுத்தால் பயம், வெளுத்தால் பயம், போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம்.

வீடுகளின் பின்பக்கத்தில் கல் பாவுவது அக்கா தம்பி இருவருக்கும் தொழில். வெறும் மண்ணும் புல்லுமாகக் கிடக்கும் இடத்தைத் தோண்டி, ஜல்லி கொட்டி இறுக்கி, அதன்மேல் மணல் பரப்பி, கல் பதித்து உட்காருவதற்கு ஒரு முற்றம் செய்து கொடுப்பார்கள். வாசல் கேட்டிலிருந்து வீட்டைச் சுற்றிவர நடைபாதை போடுவார்கள். வசதியுள்ளவர்கள் முற்றத்தின் ஓரத்தில் நெருப்புக் குழியும் கேட்பார்கள். உள்ளே தீயைத் தாங்கும் செங்கல், வெளியே அழகுக்குக் கல், சுற்றிலும் உட்கார்ந்து குளிர்காய இடம்.

இதில் உயிர்நாடி வாட்டம். மழைத் தண்ணீர் தேங்காமல் ஓடுவதற்குத் தரையில் விடுகிற சரிவுக்குத்தான் அந்தப் பெயர். மீட்டருக்கு ஒரு விரல் இறக்கம் என்பது அக்காவின் கணக்கு. அதைவிடக் குறைந்தால் தண்ணீர் வீட்டுப் பக்கம் யோசிக்க ஆரம்பிக்கும் என்பாள். அந்தச் சரிவுக்காக முளையடித்து நூல் கட்டும் வேலையை மட்டும் அவள் யாருக்கும் விடமாட்டாள். ரசமட்டத்தை நூலோடு பிடித்து, ஒரு கண்ணை மூடி, உள்ளே இருக்கும் குமிழைப் பார்ப்பாள். "கட்டு" என்பாள். தம்பி கட்டுவான். இருபத்திரண்டு வருடமாக அந்த நூலை அவன் சந்தேகப்பட்டதே இல்லை.

வேலை முடிந்த அன்று வாசலில் ஒரு வாளித் தண்ணீரைச் சாய்த்துவிடுவாள். தண்ணீர் வெளிப்பக்கம் ஓடினால் சோதனை முடிந்தது. அதற்குமேல் அளவுகோல் வைத்துப் பார்ப்பது தண்ணீரை அவமதிப்பது என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மாடி வீட்டுக்காரர் தம்பிக்குப் போன் செய்தார். முதல் நாள் பெய்த மழையில் வாசலருகே தண்ணீர் நிற்கிறதாம். அந்த வேலை முடிந்த அன்று குழாயில் தண்ணீர் வரவில்லை, அதனால் வாளிச் சோதனை செய்யவில்லை. அக்காவிடம் மூச்சுவிடாமல் தம்பி தனியாகப் போய்ப் பார்த்தான். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தான். நாலு விரல் இறக்கம் இருக்க வேண்டிய இடம் தட்டையாகக் கிடந்தது. அக்கா கட்டச் சொன்ன நூல்தான், அவன் கட்டிய நூல்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒற்றை ஆளாக உட்கார்ந்து கல்லைப் பெயர்த்து மறுபடி பதித்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்காரரிடம், "அக்காகிட்ட சொல்லிடாதீங்க சார்" என்று கும்பிட்டான்.

அதன் பிறகு அவன் அக்காவின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றும்போது கொஞ்சம் டம்ளருக்கு வெளியே போனது. போனில் எண்ணைத் தேட முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். கல்லின் ஓரத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் கட்டைவிரலால் தடவினாள். ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்த தம்பி, இரவுச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

"சொல்லிடுங்க. வேற யார் சொல்லுவா?" என்றாள் அவன் மனைவி.

"என்னன்னு சொல்றது? உனக்குக் கண்ணு தெரியலன்னா? மாமா போனப்புறம் அதுக்கு இந்த வேலைய விட்டா என்ன இருக்கு? நூல் கட்டக் கூடாதுன்னு சொன்னா உடைஞ்சு போயிடும்."

"அப்ப சொல்லாம இருந்தா?"

"நான் பாத்துக்குவேன்" என்றான் தம்பி. பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று அவனுக்கே தெரியாது.

அந்த நேரம் பார்த்துத்தான் டீச்சர் வீட்டு வேலை வந்தது. டீச்சரின் கணவர் பஸ் டிரைவர். பதினேழு வருடம் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். பதினொரு மாதத்துக்கு முன்னால் ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. இப்போது சக்கர நாற்காலி. ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தவிர வீட்டைவிட்டு வெளியே வந்ததில்லை. பின்பக்க வாசலில் மூன்று படி இருந்தன. யாராவது தூக்கி இறக்க வேண்டும். தூக்குகிறேன் என்று யார் வந்தாலும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"படி வேண்டாம். அறைத் தரையும் பேட்டியோவும் ஒரே மட்டத்துல இருக்கணும்" என்றாள் டீச்சர். முற்றத்தை அவள் பேட்டியோ என்றுதான் சொன்னாள். "கடைசியில ஒரு நெருப்புக் குழி. சுத்துச் சுவர் ஒரு சாணுக்கு மேல வேண்டாம், உக்காந்தபடி அவருக்கு நெருப்பு தெரியணும். யாரும் தள்ளக் கூடாது. அவரே கதவைத் திறந்து அவரே வரணும். ஒரு தடவை வந்துட்டார்னா அப்புறம் வந்துடுவார், அக்கா. எனக்குத் தெரியும்."

அக்கா தலையாட்டினாள். தம்பி அந்த மூன்று படியையே பார்த்துக்கொண்டு நின்றான். படி இருந்தால் வாட்டம் கொஞ்சம் பிசகினாலும் தண்ணீர் படியில் நிற்கும். படி இல்லையென்றால் நேராக அறைக்குள் போகும், டிரைவரின் கட்டிலுக்கு அடியில். மழைக்காலமோ வாசலில் வந்து நிற்கிறது. இந்த ஒரு வேலை கெட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். வெளிப்படுவது அவனால் இல்லாமல் ஊரார் வாயால் என்றால் அக்கா அப்புறம் ரசமட்டத்தைத் தொடவே மாட்டாள்.

சுவரிலிருந்து குழி வரை நாலு மீட்டர். ஆக, நாலு விரல் இறக்கம். படியை இடித்து, முற்றத்தின் அகலம் முழுக்க மண்ணை வெட்டி, அறைத் தரையின் உயரத்துக்கு ஜல்லி கொட்டி, செவ்வாய்க்கிழமை மாலைக்குள் இறுக்கி முடித்தார்கள். வாடகைக்கு எடுத்த இறுக்கும் இயந்திரத்தை ஐந்து மணிக்குள் கடையில் திருப்பிவிட வேண்டும்.

"நீ மெஷினைக் கொண்டுபோய்க் குடு. நூலை நான் கட்டிக்கறேன்" என்றாள் அக்கா.

"நான் வந்ததும் சேர்ந்து கட்டலாமே அக்கா."

"ஏன், நான் ஒத்தையில நூல் கட்டினதே இல்லையா? போடா."

இருபத்திரண்டு வருடத்தில் அவள் ஒற்றையில் கட்டியது எண்ணி நாலைந்து முறை இருக்கும். தம்பி மென்று முழுங்கிக்கொண்டு போனான். கடையில் ரசீதைப் படித்துப் பார்க்காமல் சட்டைப் பையில் திணித்தான். திரும்பி வந்தபோது நாலு முளையிலும் நூல் விறைப்பாக நின்றது. அக்கா சாமான் பையை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிரிலேயே ரசமட்டத்தை எடுத்துப் பார்த்தால் என்ன அர்த்தம் என்று இருவருக்குமே தெரியும். அவன் பார்க்கவில்லை. பையை அவள் வழக்கம்போலத் தன் வீட்டுக்கே எடுத்துப் போய்விட்டாள்.

மறுநாள் சூரியன் எழும்போதே தம்பி டீச்சர் வீட்டுப் பின்பக்கம் வந்துவிட்டான். டீச்சர் சமையலறை ஜன்னலிலிருந்து, "என்ன தம்பி, இவ்வளவு சீக்கிரம்?" என்றாள்.

"மழை வர்ற மாதிரி இருக்கு டீச்சர், அதான்." வானத்தில் ஒரு பஞ்சுகூட இல்லை.

ரசமட்டம் பையோடு அக்கா வீட்டில். கண்ணால் பார்த்தான். தோட்டமே லேசாகச் சரிந்த தோட்டம். அதன் நடுவில் ஒரு நூல் மட்டமாக இருக்கிறதா சரிகிறதா என்று வெறுங்கண்ணால் சொல்ல அவன் என்ன அக்காவா? மாடி வீட்டில் தட்டையாக வந்தது. இங்கேயும் தட்டையாகத்தான் வரும். அப்படியென்றால் வெளிக்கோடியில் நாலு விரல் இறக்க வேண்டும். அவன் மூளை அவ்வளவுதான் சொன்னது. பயந்தவன் மூளை ஒரு வழியைப் பிடித்தால் வேறு வழியைப் பார்க்காது.

குழிப்பக்க முளைகள் இரண்டிலும் நூலை அவிழ்த்து நாலு விரல் கீழே கட்டினான். நூலை இறக்கினால் அடியில் இருக்கும் ஜல்லியும் இறங்க வேண்டும். மண்வெட்டியால் வெளிப்பக்க ஜல்லியைச் சுரண்டி, கூடையில் அள்ளி, வேலியோரம் கொட்டினான். இரும்புத் திமிசால் இடித்து இறுக்கினான். ஒவ்வொரு இடிக்கும் தெருப்பக்கம் திரும்பிப் பார்த்தான். தன் அக்காவின் நூலில் கை வைக்கிறோம் என்ற நினைப்பில் முதுகெல்லாம் வேர்த்தது. திருட்டு என்று அதற்குப் பெயர் இல்லைதான், ஆனால் அப்படித்தான் இருந்தது.

எட்டு மணிக்கு அக்கா வந்தாள். அவன் சட்டையைப் பார்த்தாள்.

"என்னடா, குளிச்சிட்டு வந்தியா இல்ல மழையில நனைஞ்சியா?"

"வேர்வைக்கா."

"எதுக்கு வேர்க்குது, இன்னும் வேலையே ஆரம்பிக்கல?"

அவன் பதில் சொல்வதற்குள் அவள் மணலைப் பரப்ப உட்கார்ந்துவிட்டாள். நூலைத் தடவினாள். தொட்டபடியே கல்லை வைத்தாள். ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டு, நூல் அசையாமல் கல் அடியில் போய் உட்கார்ந்தது. அவள் கை அப்படிப்பட்ட கை. அது நூலை நம்பியது. அந்த நூலைத்தான் தம்பி மாற்றியிருந்தான்.

மூன்று நாள் கல் பதித்தார்கள். மூன்று நாளும் தம்பிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போதுமான அளவு இறக்கினேனா? நாலு விரலுக்குப் பதில் ஐந்தாக இறக்கியிருக்கலாமோ? வியாழக்கிழமை மத்தியானம் மேகம் திரண்டபோது அவன் பாதி வேலையை விட்டுவிட்டு வானத்தையே பார்த்து நின்றான்.

"மேல என்ன, யாராவது கூப்பிடறாங்களா?" என்றாள் அக்கா.

டிரைவர் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதல் நாள் திரையை இழுத்துவிட்டிருந்தார். இரண்டாம் நாள் திரை பாதி திறந்தது. வெள்ளிக்கிழமை கதவையே கொஞ்சம் திறந்து, "அந்தக் கடைசி வரிசை எந்த நிறம்?" என்று கேட்டார். டீச்சர் உள்ளேயிருந்து அதைக் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மனிதர் தானாக ஒரு கேள்வி கேட்டு எத்தனை மாதம் ஆயிற்றோ.

சனிக்கிழமை காலை இடுக்குகளில் மணலைக் கூட்டி நிரப்பினார்கள். நெருப்புக் குழியின் சுற்றுச் சுவரைத் துடைத்தார்கள். டீச்சர் கேட்டிருந்த பக்கவாட்டு நடைபாதையின் கடைசிக் கல்லும் உட்கார்ந்தது. மாலையில் அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

"ஓடுது" என்றாள் அக்கா.

கண்ணைத் திறந்தான். தண்ணீர் வாசலை விட்டு வெளிப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு உள்ளே திரும்பவில்லை. வேகமாகவே ஓடி, குழியின் இரண்டு பக்கமும் பிரிந்து, புல்லுக்குள் போய் மறைந்தது. தம்பி பெருமூச்சு விட்டான். அக்காவும் பெருமூச்சு விட்டாள். அவள் எதற்குப் பெருமூச்சு விடுகிறாள் என்று அவன் யோசிக்கவில்லை.

டீச்சர் குழியில் விறகை அடுக்கிப் பற்றவைத்தாள். இன்னும் வெளிச்சம் இருந்தது. "இன்னைக்கே வரேன்னு சொல்லிட்டார்" என்று அக்காவின் காதில் சொன்னாள். பிறகு உள்ளே போய் டிரைவருக்கு ஒரு டம்ளர் டீ கொடுத்துவிட்டு வேண்டுமென்றே சமையலறைக்குப் போய்விட்டாள். யாரும் தள்ளவில்லை, யாரும் பார்க்கவில்லை என்று காட்ட வேண்டுமாம். அக்காவும் தம்பியும் குழிக்கு அந்தப் பக்கம் புல்லில் நின்று சாமான்களை எடுத்து வைக்கிற மாதிரி பாவனை செய்தார்கள்.

கண்ணாடிக் கதவு நகர்ந்தது. நாற்காலி வாசலில் வந்து நின்றது. படி இருந்த இடத்தை டிரைவர் ஒரு முறை குனிந்து பார்த்தார். வலது கையில் டீ. இடது கையால் சக்கரத்தை ஒரு தள்ளு தள்ளினார். நாற்காலி முற்றத்துக்கு வந்தது.

"அட, வண்டி தானா போகுது!" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பைக் கேட்டுத் தம்பியும் சிரித்தான். அப்புறம்தான் அந்த வார்த்தை காதுக்குள் போனது. தானாகப் போகிறது. முன்னால் இருக்கும் சின்னச் சக்கரங்கள் சுழல ஆரம்பித்திருந்தன. டிரைவர் இடது சக்கரத்தைப் பிடித்தார். ஒரு பக்கம் மட்டும் பிடித்ததால் நாற்காலி கோணிக்கொண்டு திரும்பியது. டீ இடது கையிலும் மடியிலும் கொட்டியது. சூட்டில் கையை எடுத்தார். எடுத்ததும் நாற்காலி மறுபடி நேராகி, வேகம் பிடித்து, நெருப்பைப் பார்த்து வந்தது. சுற்றுச் சுவர் ஒரு சாண் உயரம். அதில் மோதினால் நாற்காலி நின்றுவிடும், மனிதர் நிற்கமாட்டார்.

தம்பி எப்படி ஓடினான், குழியை எந்தப் பக்கமாகச் சுற்றினான் என்று அவனுக்கு நினைவில்லை. வாழ்நாள் முழுக்கப் பயந்துகொண்டிருந்தவனுக்கு அந்த ஒரு நொடி பயப்பட நேரமில்லை. நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில் போய் விழுந்தான். கால் வைக்கிற இரும்புத் தகடு அவன் முழங்காலுக்குக் கீழே வந்து இடித்தது. முதுகு சுவரில் மோதியது. பிடரியில் அனல் அடித்தது. முன்னால் சரிந்து வந்த டிரைவரை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டான்.

சமையலறையிலிருந்து டீச்சர் ஓடி வந்தாள். நாற்காலியைப் பின்னால் இழுத்து, பிரேக்கைப் போட்டாள். டிரைவருக்குத் தொடையில் கொட்டிய டீயின் சூடு தெரியவில்லை. அது தெரியவில்லை என்பதுதான் அவர் முகத்தில் இருந்தது.

"என்னை உள்ள கொண்டு போ" என்றார். "இனிமே வெளிய வான்னு கூப்பிடாதே."

டீச்சர் அவரைத் தள்ளிக்கொண்டு போனாள். யாரும் தள்ளக் கூடாது என்று சொன்னவள் தள்ளிக்கொண்டு போனதைத் தம்பி தரையில் உட்கார்ந்தபடி பார்த்தான். ஒன்றும் ஆகாமல் தப்பித்தது பெரிதா, இது பெரிதா என்று அவனால் சொல்ல முடியவில்லை. காலிலிருந்து இரத்தம் கல்லில் இறங்கி, அதுவும் குழிப்பக்கமே ஓடியது.

அக்கா பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்தாள். கூடவே ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்தாள். அதிலிருந்து தடிமனான ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். தம்பி அதை அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. அவள் மட்டக்கோல் என்கிற நீண்ட கட்டையின் மேல் ரசமட்டத்தை வைத்து, வாசலிலிருந்து அளந்துகொண்டே வந்து, கடைசிக் கல்லில் விரலை அடுக்கி எண்ணினாள்.

"எட்டு விரல்" என்றாள். "நான் நாலுதானே விட்டேன்? கண்ணாடி போட்டுக்கிட்டு மூணு தடவை பாத்தேனே."

"மீதி நாலு நான் இறக்கினேன்" என்றான் தம்பி.

டீச்சர் வாசலில் வந்து நின்றதை இருவரும் கவனிக்கவில்லை.

"எதுக்குடா?"

"மாடி வீட்டுல தண்ணி நின்னுச்சு. நான்தான் போய் மாத்திப் பதிச்சேன். உனக்குக் கண்ணு..." காலில் வழிந்த இரத்தத்தைத் துடைத்தான். "இங்கயும் அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்."

"மாடி வீட்டு விஷயம் எனக்குத் தெரியாது" என்றாள் அக்கா மெதுவாக. "ஆனா அந்த வேலை நடந்த வாரம்தான் குமிழு ரெண்டா தெரிஞ்சுது. சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுக் கண் டாக்டர்கிட்ட போனேன். இதைக் குடுத்தாங்க. உன் முன்னாடி போட்டா நீ என்ன பண்ணுவே? எனக்குத் தும்மல் வந்தாலே ரெண்டு நாள் வேலைய நிறுத்தறவன். அதான் உன்னை மெஷினோட அனுப்பிட்டுப் போட்டுக்கிட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருந்தா..."

"நீ என்கிட்ட சொல்லியிருந்தா?"

ஒருவரையொருவர் காப்பாற்றுவதில் இருவரும் கெட்டிக்காரர்கள். நடுவில் ஒரு மனிதர் நெருப்பில் விழப் பார்த்தார்.

அக்கா எழுந்து டீச்சரிடம் போனாள். சாக்குச் சொல்லவில்லை. "தப்பு எங்க ரெண்டு பேர்மேலயும்தான் டீச்சர். நாளைக்குக் காலையில முழுசையும் பெயர்த்து மறுபடி பதிச்சுத் தரோம். வேற ஆளை வெச்சுக்கறதுன்னாலும் சொல்லுங்க, பெயர்த்து மட்டும் தந்துட்டுப் போறோம்."

டீச்சர் குழியில் எரியும் விறகைப் பார்த்தாள். "வேற ஆள் வந்தா அவங்க என்ன மறைப்பாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். "நீங்களே செய்ங்க. ஆனா அவரை இனிமே வெளிய வரச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை காலை வானம் உண்மையிலேயே கறுத்திருந்தது. கடப்பாரையால் கல்லைப் பெயர்த்து வரிசை மாறாமல் வேலியோரம் அடுக்கினார்கள். தம்பி நொண்டிக்கொண்டே சுமந்தான். அன்று அக்கா கண்ணாடியை மறைக்கவில்லை. மணலை வாரிவிட்டு ஜல்லியைச் சரி செய்யும்போது, அவன் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"வலது கண்ணுக்குத்தான் இந்தக் கண்ணாடி. இடது கண்ணு போயிட்டே இருக்காம். நடுவுல ஒரு கறுப்பு மாதிரி வரும். வலதும் அப்படித்தான் போகும், எவ்வளவு நாளுன்னு சொல்ல முடியாதுன்னாங்க."

தம்பி கூடையைக் கீழே வைத்தான். இரண்டு மாதமாக அவன் பயந்தது இதற்குத்தான். காதால் கேட்ட பிறகு பயம் குறையும் என்று சொல்வார்கள். குறையவில்லை. அழக் கூடாது என்று கீழுதட்டைக் கடித்துக்கொண்டான். அழுதுவிட்டான்.

"இதுக்குத்தான் சொல்லல" என்றாள் அக்கா. "மூக்கைத் துடைச்சிட்டு அந்த முளையை அடி."

அவன் அடித்தான். அக்கா ரசமட்டத்தைப் பிடித்து, கண்ணாடி வழியாகக் குமிழைப் பார்த்து, முகத்தை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, "கட்டு" என்றாள். அவன் கட்டினான். நாலு முளையும் முடிந்தது. வழக்கமாக அப்போதே அவள் மணலுக்குப் போய்விடுவாள். அன்று போகவில்லை. ரசமட்டத்தை அவன் பக்கம் நீட்டினாள்.

"பாரு" என்றாள். "சரியா இருக்கா?"

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. திரை பாதி விலகியிருந்தது. டிரைவர் உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருந்தார் என்று தெரியவில்லை. கதவும் ஒரு கையகலம் திறந்திருந்தது.

தம்பி தரையோடு தரையாகப் படுத்துக் குமிழைப் பார்த்தான். எழுந்து வாசலிலிருந்து அளந்தான். கடைசி முளையருகே விரலை அடுக்கினான். மூன்றரை. மறுபடி அடுக்கினான். மூன்றரைதான் வந்தது. கண்ணாடி போட்டும் அரை விரல் தவறியிருக்கிறது. அரை விரல்தானே, மணலில் சரிபண்ணிவிடலாம், அவளுக்குத் தெரியவே தெரியாது. சரியாக இருக்கிறது என்று சொல்ல ஒரு நொடி போதும். அக்கா காத்துக்கொண்டிருந்தாள். தடித்த கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண்கள் பெரிதாகத் தெரிந்தன. அவளும் பயந்துகொண்டிருந்தாள் என்பதை அவன் அப்போதுதான் பார்த்தான்.

"அரை விரல் ஏத்தமா இருக்குக்கா" என்றான்.

கதவருகே டிரைவர் அதைக் கேட்டார். அக்கா அவனையே பார்த்தாள். கோபம் வரும் என்று அவன் காத்திருந்தான். அவள் முளையருகே மெல்ல உட்கார்ந்து, முடிச்சைக் கையால் தேடி அவிழ்த்து, நூலை விரலில் பிடித்துக்கொண்டாள்.

"நான் இறக்கறேன்" என்றாள். "எங்க நிறுத்தணும்னு நீ சொல்லு."